வெள்ளை ஒரு லிட்டர்

வெள்வேலம்பாளையத்துக்கு மிஷன் வந்து
நூற்றைம்பது வருஷம்.
பால் சங்கத்தில் கணக்கெழுதியவள் என்று
விழாக் கமிட்டியில் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்.

ஆஸ்பத்திரி காம்பவுண்டுச் சுவர், நாற்பதடி.
எதிரே கொறங்காடு, கிளுவை வேலி,
அதற்கப்பால் யாருக்கோ கரண்ட் எடுக்கும் காற்றாலைகள்.
ஆடிக்காற்றில் பெயிண்ட் காய்வதற்குள்
புழுதி வந்து ஒட்டும்.
ஓவியர் நவநீதன் அதையும் ஒரு நிறமென்றே வைத்துக்கொண்டான்.
“செம்மண்ணுக்குத் தனியா பில் போடலீங்க.”

முதல் பத்தடி பெல்டன் துரை, மட்டக்குதிரை மேல்.
குதிரைக்குக் கால் சரியாக வரவில்லை.
அடுத்தது ஓலைக்கூரைப் பள்ளிக்கூடம்.
அடுத்தது சுகிர்தவல்லி நர்ஸ்,
காலராவுக்கு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனவர்.
அவர் ஃபோட்டோவில் ஒரு காதைப் பூச்சி அரித்திருந்தது.
கம்மலோடு அந்தக் காதை
நவநீதனே போட்டுக் கொடுத்தான்.

கடைசிப் பத்தடி கிணறு.
தாது வருஷப் பஞ்சத்தில்
படிக் கம்புக்குக் கல் சுமந்து வெட்டியது.
எங்கள் சனம் தங்கள் கையால்
வாளி விட்ட முதல் கிணறு.
“அது வரைக்கும்?” என்று கேட்டான்.
பில்லில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால்
கிணற்றுக்கு இந்தப் பக்கம்
குவித்த இரண்டு உள்ளங்கைகள்.
முகமில்லை, முழங்கையோடு சரி.
நாலடி உயரத்தில் இன்னொரு கை:
வெள்ளிக் காப்பு, சாய்த்த சொம்பு,
தொட்டுவிடாத தூரத்துக்கு நீர்.

சாயந்திரமே அவசரக் கூட்டம்.
“கோயில்காரங்க பந்தலுக்கு மூங்கில் தர்றாங்க.”
“மோர்ப்பந்தல் வேற அவங்க செலவு.”
“பழசக் கிளறி என்னங்க ஆகப்போவுது.”
“ஊத்துனாங்கல்ல, அதுந்தான் நல்ல காரியம்” என்றார் ஒருவர்.
யாரும் சிரிக்கவில்லை.
போதகர் ஜன்னலைப் பார்த்தார்.
மேல் கை வேண்டாம் என்பவர்கள்
கை தூக்குங்கள் என்றார் செயலாளர்.
ஒன்பது கை.
என்னுடையதும் சேர்த்துத்தான்.

நவநீதன் ஒன்றும் பேசவில்லை.
சொம்பு முதலில் போனது, பிறகு காப்பு.
விரல்கள்தான் இரண்டு கோட்டிங் கேட்டன.
நீரை மட்டும் விட்டுவிட்டான்.
அது வெறும் வெள்ளையிலிருந்து நூலாக இறங்கியது.
“கர்த்தரே ஊத்துற மாதிரி இருக்குது” என்று
செயலாளருக்குப் பரம திருப்தி.

விழாவன்று பந்தல் பறக்காமல் கல் கட்டினோம்.
சீரியல் பல்பு, பேண்டு, கடலை வண்டி.
யாரோ ஒரு காலேஜ் பையன் தொடங்கிவைத்தான்.
சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏறி
மோர்ப்பந்தல் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்தான்,
நீர் தொடங்கும் இடத்துக்கு நேராக.
ஃபோட்டோ.
அப்புறம் வரிசையே நின்றது.
ஒறம்பரைக்கு வந்தவர்கள்,
பேங்க் மேனேஜர் சம்சாரம்,
மூங்கில் தந்தவர் வீட்டு மருமகள், வளையல் குலுங்க,
போதகர் மகள்.
அத்தனை பேரும் மேலே.
கீழே அந்தக் கைகளோடு கை வைத்து நிற்க
ஒருத்தருக்கும் தோன்றவில்லை.
எனக்கும், இதை எழுதும் வரை.

பாக்கி வாங்க வந்த நவநீதன்
கடலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.
“நான் வரஞ்ச கை கொஞ்சம் சின்னதுங்க” என்றான்.
ரூபாயை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு போனான்.

பதினோரு மணிக்குத் தண்ணி லாரி வந்து
சுவரை மறைத்து நின்றது.
பழைய கிணறு மேடைக்கு அடியில்,
சிலாப் போட்டு மூடி ஆறு வருஷம்.

வரவு செலவு எழுத உட்கார்ந்தேன்.
மூங்கில், நன்கொடை.
மோர், நன்கொடை.
உடைந்த ஸ்டூல் ஒன்று, நானூற்றைம்பது.
வெள்ளை ஒரு லிட்டர்.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்
பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.
காற்று நின்றபாடில்லை.
நோட்டில் புழுதி படிந்தது, தட்டினேன், படிந்தது.