இரண்டாவது வட்டு

இரண்டு வருடமாக
அந்தப் பச்சை விளக்கை நம்பிப் படுத்திருக்கிறேன்.
பெரம்பூரில், செருப்பு அலமாரிக்கு மேலே
சாம்பல் நிறப் பெட்டி.
உள்ளே ஒரே மீட்டரில் ஐந்து குடித்தனம்:
மாடிப்படி கேமரா ஒன்று,
நான் பார்த்துக் கொடுக்கும்
மூன்று மளிகைக் கடைகளின் கணக்கு ஒன்று,
போட்டோக்கள் ஒன்று,
விளம்பரங்களை வாசலிலேயே விரட்டும் காவல்காரன் ஒன்று.
ஐந்தாவதை எதற்கு வைத்தேன் என்று
எனக்கே மறந்துவிட்டது.

எழுதுவதையெல்லாம் இரண்டு வட்டிலும் எழுது
என்று சொல்லி வைத்திருந்தேன்.
சரி என்றது.
எழுதினாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ரிச்சி தெருவில் கமாலுதீன் அன்றே சொன்னார்:
"ரெண்டையும் ஒரே லாட்டுல எடுக்காதீங்க மேடம்.
ஒண்ணா பொறந்தது ஒண்ணா போயிரும்."
எதிர்க்கடைக்கு அவரே கூட வந்து
இரண்டாவதற்கு விலை பேசிக் கொடுத்தார்.

இன்று ஞாயிறு. கடைக்காரர்கள் கூப்பிட மாட்டார்கள்.
கிளெமென்ட் பூசை முடிந்து வந்து
மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறான்.
வரிசை எண்ணை மூன்று முறை வாசித்து
முதல் வட்டின் நெற்றியில்
நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன்.
காயும்வரை ஊதினேன்.
ஓடிக்கொண்டிருக்கும்போதே
உருவினேன்.

பெட்டி ஒரு முறை கத்தியது.
பச்சை, சிவப்பானது.
குடித்தனக்காரர்கள் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
கணக்கில் புளி மூட்டை விலை அப்படியே நின்றது.
கேமராவில் கிளெமென்ட்
வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்தான்
ஒரு படிகூடத் தவறாமல்.

அதோடு எழுந்து போயிருக்கலாம்.
மனசு கேட்கவில்லை.
அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

கறுப்பு.
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
மினுக்கி மினுக்கி,
ஏதோ சொல்ல வந்து மறந்தவர் மாதிரி.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.
இரண்டாவதில் எல்லாம் இருக்கிறது.
ஒவ்வொரு ரசீதும்,
அக்கா மகளின் ஞானஸ்நானமும்,
டிசம்பர் மழையில் தண்ணீர்
நான்காம் படிவரை ஏறி யோசித்த இரவும்.
எழுந்திருப்பது எப்படி என்கிற
கையளவு தொடக்கம் மட்டும்
முதல் வட்டில்தான்.
அதையும் எழுது என்று நான் சொல்லவில்லை.
எல்லாம் தெரியும் இதற்கு,
எழத் தெரியாது.

"என்னாச்சு, படம் வரலையா?"
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான் கிளெமென்ட்.
இந்த வீட்டில் அவனுக்குத் தெரியாதது கிடையாது.
காஸ் புத்தகம், பாலிசி எண், என் ரத்த வகை,
கடவுச்சொல் உறை ரவை டப்பாவுக்கு அடியில் என்பது.
போன வருடம் டெங்குவில்
நான் ஸ்டான்லியில் நான்கு நாள் கிடந்தபோது
கரண்ட் போய் வந்ததில் பெட்டி அணைந்திருக்கிறது.
உறையைக் கையில் வைத்துக்கொண்டு
எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
இதன் முன்னால் நின்றிருக்கிறான்.
இப்போதுதான் சொல்கிறான்.

நகர்ந்து உட்கார்ந்து
விசைப்பலகையை அவன் மடியில் வைத்தேன்.
பொட்டு வைத்ததைத் திரும்பச் செருகி எழுப்பி
நான் சொல்லச் சொல்ல
ஒற்றை விரலால் அடித்தான்.
ஓர் இடைவெளி விட்டுப்போய், மறுபடி.
இரண்டாவது, எழக் கற்றுக்கொண்டது.
போய் வந்ததை நம்பாமல்
முதல் வட்டில் எல்லாவற்றையும் மறுபடி எழுதியது பெட்டி.
நாற்பத்தொன்றில் கரண்ட் போனது,
யூபிஎஸ் அழுதது,
நாற்பத்துமூன்றில் வந்தது.
நூறு ஆவதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது.

"இப்ப நீ உருவு" என்றேன்.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.
உருவினான். அணைத்தான். போட்டான்.

கறுப்பு.
சின்னக் கோடு.
இருவரும் மூச்சு விடவில்லை, அது மட்டும் விட்டது.

பிறகு ஒவ்வொரு குடித்தனமாக விளக்குப் போட்டது,
எதற்கென்று தெரியாத ஐந்தாவது உட்பட.
கடைசியாகக் கேமரா:
ஆளில்லாத மாடிப்படி, மூன்றாம் படியில்
ஈரக் காலுறை ஒன்று.
"அது நம்மளுதா?" என்றான்.