ஏழாம் பிரிவு

சட்டமன்றத்தில் என் வேலை
பேசுவதைத் தட்டச்சு செய்வது.
யார் கத்தினாலும் முற்றுப்புள்ளி என்னுடையது.
மேசையைத் தட்டினால் அடைப்புக்குறிக்குள் ‘தட்டல்’,
சிரித்தால் ‘சிரிப்பு’.
பெருமூச்சுக்குக் குறி கிடையாது.
பதினாறு வருடமாக யாரும் கேட்டதுமில்லை.

அன்று சிறுநீரக மசோதா.
முழுப்பெயர் மலாயில் ஒன்றரை வரி.
ரத்தம் சுத்தம் செய்ய ஒரு தடவைக்கு
நோயாளி கொடுக்க வேண்டியது இருபது வெள்ளி,
மீதி மாநிலத்தின் பொறுப்பு.
இப்போது தம்பிக்கு நாங்கள் கட்டுவது நூற்று முப்பது.
வாரம் மூன்று முறை.
பெருக்கிப் பார்க்காதீர்கள்,
நான் பார்த்துவிட்டேன்.

எதிர்வரிசையில் ஒருவர் எழுந்தார்:
‘மெஷின்கள் காலியாகக் கிடக்கின்றன,
இவர்கள்தான் ஒழுங்காக வருவதில்லை.’
தட்டினேன். ஒழுங்காக. ஒரு பிழை இல்லாமல்.
என் தம்பி புஷ்பநாதன் சனிக்கிழமைகளை விட்டுவிடுவான்.
கேட்டால் ‘உடம்பு நல்லாத்தான்க்கா இருக்கு.’
ஞாயிறு காலை
செருப்புக்குள் கால் நுழையாது.
அந்தப் பேச்சுக்கு ஓர் அடிக்குறிப்பு போட
விரல் துடித்தது.
எங்கள் பதிவேட்டில் அடிக்குறிப்பு வழக்கமில்லை.

பிறகு ஏழாம் பிரிவு:
பினாங்கில் பத்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும்.
தீவுப் பக்கத்து உறுப்பினர் ஒருத்தி
பத்தை ஐந்தாக்கச் சொன்னாள்.
‘சிறுநீரகத்துக்கு முகவரி தெரியாது, சபாநாயகரே.’ (தட்டல்)
நல்ல வரி. நாளைய செய்தித்தாளில் வரும் என்று
தட்டும்போதே தெரிந்தது.
செத்துஜூ, செத்துஜூ.
பத்து ஐந்தாக
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கூலிமிலிருந்து பாலம் தாண்டி வந்து
அவன் அடையாள அட்டையில்
என் ஜெலுத்தோங் முகவரி ஏறி
நாலு வருடம் எட்டு மாதம்.

இன்னும் இருக்கிறது.
சட்டம் அமலாகும் நாளில் ஐந்து நிறைந்தவர்களே
முதல் பட்டியல்.
அடுத்த பட்டியல் இரண்டு வருடம் கழித்து.
அமலாகும் நாள்?
‘அரசிதழில் பின்னர் அறிவிக்கப்படும்.’

வாழ்க்கையில் முதல்முறையாக
அரசாங்கம் மெத்தனமாக இருக்கட்டும் என்று வேண்டினேன்.
எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட்டுக்கு
ஒன்பது மாதம் எடுத்தவர்கள்
இதற்கு நாலு மாதம் எடுக்கக் கூடாதா?
கோப்பு ஏதாவது மேசையில் தூங்கட்டும்.
கையெழுத்துப் போட வேண்டியவர்
நீண்ட விடுப்பில் போகட்டும்.
தைப்பூசம் வரட்டும், சீனப் பெருநாள் வரட்டும்,
ஹரிராயா வரட்டும்,
நடுவில் ஒரு வேலைநாள்கூட மிஞ்ச வேண்டாம்.

சனிக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு போனேன்.
பக்கத்து நாற்காலியில் க்வாய் லான்,
இந்தத் தீவிலேயே பிறந்தவள்,
இரவுச் சந்தையில் காலுறை விற்றவள்.
போன மாதம் காதிலிருந்ததையும் அடகு வைத்திருக்கிறாள்.
காதில் ஈர்க்குச்சி.
முதல் பட்டியலில் அவள் பெயர் நிச்சயம்.
சந்தை மலாயில் கேட்டாள்:
‘நீ அங்கேதானே வேலை, எப்போது வரும்?’
குழாய் வழியே அவள் ரத்தம் போய்
திரும்பி வந்துகொண்டிருந்தது.
‘தெரியாது’ என்றேன்.
உண்மைதான்.
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.
அவள் ஒற்றைக் கையால் பொட்டலத்தைப் பிரித்து
உப்பில்லாத பிஸ்கட்டில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தாள்.
அவன் அதில் பாதியை என்னிடம் நீட்டினான்.

திருத்திய பிரதியை
வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும்.
ஞாயிறு இரவே உட்கார்ந்துவிட்டேன்.
ஏழாம் பிரிவில் ஐந்து ஐந்தாகவே இருந்தது,
மூன்று முறை பார்த்தேன்.

திங்கள், எட்டு மணிக்கு முன்,
பூட்டிய அலுவலகக் கதவருகே கோப்போடு நின்றேன்.
காவலாளி சாவிக்கொத்தில்
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்
அவசரமே இல்லாமல்.