மூன்று நிமிட விளக்கு

நகர மன்றத்தில் என் வேலை சின்னது.
மேடைக்கு எதிரே ஒரு விளக்குப் பெட்டி:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
பேச வருகிறவருக்கு மூன்று நிமிடம்.
விசை என் கட்டைவிரலடியில்.

பதினோரு வருடமாக அழுத்துகிறேன்.
மிச்சிகன் ஏரிக் காற்று ஜன்னல் இடுக்கில் ஊளையிடும் நவம்பரில்
பட்ஜெட் விசாரணைக்கு வருகிறவர்கள்
கோபத்தோடு வருவார்கள்.
கோபம் இரண்டே முக்கால் நிமிடத்துக்குக் காணும்.
தொகையைச் சொல்ல வாயெடுக்கையில்
சிவப்பு எரியும்.

ஒடெஸா பிளெட்ஜரை நான் முதலில் பார்த்தது மார்ச்சில்.
பேருந்துப் பணிமனையில் இரவெல்லாம் இருக்கை துடைப்பவள்.
அன்று கூடத்தில் அவளும் நானும் ரேடியேட்டரும்தான்.
துறைகள் தங்கள் தேவைகளை எழுதித் தரும் மாதம்,
யாருமே எட்டிப் பார்க்காத மாதம்.
"நவம்பரில் வாருங்கள், அப்போதுதான் பேச விடுவார்கள்" என்றேன்.
"நவம்பரில் சிமெண்ட் இறுகியிருக்கும்" என்றாள்.
"இப்போது ஈரம்."

ஜூனில் பழைய பட்ஜெட் புத்தகங்களைக் கேட்டு வந்தாள்.
ஒவ்வொன்றும் நானூறு பக்கத்துக்கு மேல்.
பிரதிக்குப் பக்கம் பத்து சென்ட்.
அவளுக்கு வேண்டியது மூன்று புத்தகத்தில் மூன்று பக்கம்.
முப்பது சென்ட், சில்லறையாக எண்ணி வைத்தாள்.

செப்டம்பரில் மேயரின் வரைவு.
அக்டோபரில் குழுக் கூட்டங்கள், காலை ஒன்பதுக்கு,
வேலைக்குப் போகிறவர் வர முடியாத நேரம் பார்த்து.
அவளுக்கோ அது வேலை முடிந்த நேரம்.
பின்வரிசையில், சீருடையில், சோப்பு வாசனையோடு
சில நாள் தூங்கியே போவாள்.
சாலைத்துறை என்ற சொல்லுக்கு மட்டும் கண் திறக்கும்.

நவம்பர்.
பனி அள்ளுவதைப் பற்றிப் பேசினார்கள், நாய்ப் பூங்காவைப் பற்றி.
வரி, வரி என்று ஒருவர் பதினேழு முறை சொன்னார்.
முப்பத்தெட்டாவது ஆள் ஒடெஸா.
அவளும் வரியைப் பற்றித்தான் பேசினாள்.
கட்டும் வரி அல்ல; அச்சில் ஓடும் வரி.

"பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, வரி நாற்பத்தேழு.
ஹோல்ட்ஸ்மன் தெரு, சலவைக்கடை வாசல்,
நடந்து கடப்பவர்களுக்கு ஒரு சிக்னல்.
ஒதுக்கியது அறுபத்தெட்டாயிரம் டாலர்.
அடுத்த கட்டத்தில், செலவானது: பூஜ்யம்.
போன வருடம் அதே தொகை, அதே பூஜ்யம்.
அதற்கு முந்தைய வருடத்தையும் படிக்கட்டுமா?
புதிதாக ஒரு காசு கேட்க நான் வரவில்லை.
மூன்று தடவை கொடுத்த பணம்
ஒவ்வொரு டிசம்பரும் எந்தக் கதவு வழியாக வெளியே போகிறது?"

நாற்பத்தைந்து வினாடி.
முடித்தவள் நகரவில்லை.
மைக்கின் முன் நின்றபடி
மிச்ச நேரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
இவர்கள் அளந்தார்கள்,
மும்முறை அளந்தார்கள்.
போடத்தான் இல்லை.

நிதி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
தாள் புரளும் சத்தம்.
மஞ்சள் எரிந்தது.
விதிப்படி அடுத்து நான் சிவப்பை அழுத்த வேண்டும்.
அன்று என் விரல் கொஞ்சம்
மரத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் பட்ஜெட் நிறைவேறியது, ஏழுக்கு இரண்டு.
வரி நாற்பத்தேழில் அதே தொகை.
பக்கத்தில் புதிதாய் ஒரு நட்சத்திரக் குறி.
கீழே, பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்:
ஜூலைக்குள் செலவிடாவிட்டால் மன்றத்துக்கு விளக்கம் தரப்படும்.
பத்து மாதத்துக்கு ஓர் அடிக்குறிப்பு.
எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு போனபின்
என் மேசைக்கு வந்தாள்.
"ஜூலைக் கூட்டம் எந்தக் கிழமை?"

அன்றிரவு நான் ஹோல்ட்ஸ்மன் தெரு வழியாக நடந்தேன்.
சலவைக்கடை ஜன்னலில் யாருடையவோ போர்வைகள் சுழன்றன.
கடக்க நின்றேன்.
வண்டிகள் நிற்கவில்லை.
கோட்டுப் பைக்குள் என் கட்டைவிரல்
இல்லாத விசையை
அழுத்திக்கொண்டே இருந்தது.