எட்டு மணிக்கு முன்

செவ்வாய் ஆறரைக்கு
த்ரோண்ட்ஹைம் நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஒன்பது நாற்காலிகள்.
போன வாரம் எட்டு.
புதிதாய் வந்தவர் மேல்கோட்டைக் கழற்றவில்லை,
கழற்றினால் தங்கிவிட நேரும் என்பதுபோல.
செப்டம்பரில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரவில் நகராட்சிக்குப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்.
அதுவரை நான் எஸ்கிலின் அப்பா.

எஸ்கிலுக்குப் பதினாறு.
பனிச்சறுக்கில் ஊரே பேசிய கால்கள்.
முதலில் இனிப்பை விட்டான், பாராட்டினோம்.
பிறகு வெண்ணெயை விட்டான், பயிற்சியாளர் பாராட்டினார்.
பிறகு எங்களோடு உட்காருவதை விட்டான்.
அதைப் பாராட்ட ஆளில்லாமல் போனபோதுதான்
எங்களுக்கு உறைத்தது.

இப்போது தட்டு என் பொறுப்பு.
ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெய் தடவுவேன்.
அவன் பார்ப்பது கத்தியை.
"நீ என்னைக் கொல்கிறாய்" என்றான் ஒருநாள்,
ஒரு துண்டு ரொட்டிக்கு.
பேசுவது நோய், உங்கள் பையன் அல்ல என்று
மருத்துவமனையில் சொல்லித்தந்திருந்தார்கள்.
இருந்தும் குரல் அவனுடையது,
போன வருடம்தான் உடைந்து கனத்த குரல்.

எழுந்துபோகாமல் இருந்தேன்.
காற்றைப் பற்றிப் பேசினேன்,
வண்டியில் மூன்றாம் கியர் சிக்குவதைப் பற்றி,
ஆற்றில் யாரோ தள்ளிவிட்ட சிவப்பு சைக்கிளைப் பற்றி.
பேச்சு தீர்ந்தபின் மறுபடியும் சைக்கிளைப் பற்றி.
நாற்பது நிமிடத்தில் முக்கால் துண்டு.
அவன் அழுதுகொண்டே மென்றான்.
நான் அழவில்லை, அது அப்புறம்,
வண்டியில், வைப்பர் ஓடும்போது.

தீரிலுக்கு ஒன்பது வயது.
சத்தமில்லாமல் சீக்கிரம் சாப்பிடப் பழகிவிட்டாள்.
பிறந்தநாளுக்குக் கேக் வேண்டாமாம்,
புதிர் அட்டை போதுமாம்.
யாரும் அவளைக் கேட்கவே இல்லை.
கூத்னி குளியலறைக்குள் போய்க்
குழாயைத் திறந்துவிட்டாள்.
நானும் கூத்னியும் சண்டை போடுவது காருக்குள்தான்,
கதவைச் சாத்தி, கிசுகிசுத்து.
கண்ணாடி முழுக்க ஆவி படியும்.

இங்கே இல்வா வருகிறாள், கல்லூரி மாணவி.
"நான் குடும்பமில்லை, அறைத்தோழி.
ஆனால் வேறு யாரும் இல்லையே" என்கிறாள் ஒவ்வொரு முறையும்,
யாரோ நுழைவுச்சீட்டு கேட்டதுபோல.
அஸ்பியோர்ன் வருகிறார், மனைவிக்காக.
முப்பத்தெட்டு வருடம்.
நடுவில் பதினோரு வருடம் நன்றாக இருந்தாளாம்.
அந்தப் பதினொன்றை அவர் சொல்லும்போது
அறையே முன்னால் சாய்கிறது.

கோட்டுக்காரர் கேட்டார்,
"யார் செய்த தவறு?"
ரேடியேட்டர் டொக்கென்றது.
"அந்தக் கேள்வியோடு பத்து வருடம் சாப்பிட்டேன்,"
அஸ்பியோர்ன் சொன்னார்,
"அது எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை."

மாக்ன்ஹில்ட் வாஃபிள் சுட்டாள்.
இந்த ஊரில் நான்கு பேர் கூடினால்
வாஃபிள் இல்லாமல் இருக்காது.
ஆனால் இந்த அறையில் அது ஆறிப்போகும்.
எங்களுக்குச் சாப்பாடு என்றால் வேலை.

என் தட்டில் ஒன்றை வைத்து
எதிரே உட்கார்ந்தாள்.
"கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?"

காலை, பத்தரை, மதியம், மூன்று மணி,
எல்லாம் மனப்பாடமாய் வந்தன.
எல்லாம் எஸ்கிலுடையவை.
என்னுடையது ஒன்றுகூட நினைவில் இல்லை.

அவள் வற்புறுத்தவில்லை.
காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.
தன் மச்சானின் படகைப் பற்றி,
அது எப்படி ஒருபோதும் மிதக்கவில்லை என்பதைப் பற்றி.
எனக்குப் புரிந்தது.
எனக்கே செய்கிறாள்.
சிரிப்பு வந்தது, தொண்டை அடைத்தது,
ஜாம் சட்டையில் விழுந்தது.
தின்றேன்.

விடியற்காலை ஐந்தரைக்கு வீடு.
அவன் கதவடியில் வெளிச்சக் கோடு.
தட்டவில்லை.
ரொட்டி வெட்டினேன், மூன்று தட்டு எடுத்தேன்,
அப்புறம் நான்காவதையும்.
அவன் இன்று சாப்பிடுவானா, தெரியாது.
நேற்று பள்ளி போகும் வழியில்
தீரில் கேட்டிருக்கிறாள், கூத்னியிடம்,
கேக்கை யாராவது பாதி செய்ய முடியுமா என்று.
வெளியே, நான் அள்ளிய தெருவில்
மறுபடி விழுந்துகொண்டிருக்கிறது.