பதிமூன்றாவது முனை

பெருமாநல்லூர் ரோட்டில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும்
தெய்வசிகாமணிக்கு வேண்டியது
ஒரு முழத்துக்கும் குறைந்த பெட்டி.
மேஜையில் நூல்கண்டுக்கே இடம் போதவில்லையாம்.
"சிறுசா இருக்கோணுங்க, ஆனா சூடாகக் கூடாதுங்க."
முன்பணம் அனுப்பினார்.
அன்றிரவே ஒரு வாய்ஸ் மெசேஜ்:
"ஏனுங் மேகலா, வந்து சேந்துச்சுங்களா?"
கேட்டேன். பதில் போடவில்லை.
ஒயர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருப்பூர்க் காற்றை உதறினால்
அரைக் கிலோ பஞ்சு தேறும்.
அவருடைய பழைய பெட்டியைத் திறந்த அன்று
உள்ளே ஏதோ பிராணி சுருண்டு படுத்திருப்பதாக
ஒரு நொடி கையை இழுத்துக்கொண்டேன்.
திணித்து வைத்த கேபிளெல்லாம்
வருஷக்கணக்கில் பஞ்சு பிடித்துச்
சாம்பல் நிறத்தில் மயிர் வளர்த்திருந்தன.
நடுவில் காற்றாடி, மூச்சு முட்டிச் செத்துப்போய்.

ஆகவே வெட்டுவது என்று முடிவு.
கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் பொதுவாக
அறுபது சென்டிமீட்டர் கொடுக்கிறான்.
எனக்கு இருபத்திரண்டு போதும்.
மீதி முப்பத்தெட்டும்
போவதற்கு இடமில்லாமல் மடங்கி நிற்கிற நீளம்.

வளைவுக்கு ஒரு விரல் சேர்த்து அளந்தேன்,
கை தவறினால் மறுபடி வெட்ட இன்னொரு விரல்.
முதன்முதலில் கட்டிய பெட்டியில் அந்த இரண்டு விரலை விடாமல்
துணி காயப்போடும் கொடி மாதிரி இழுத்து
மதர்போர்டையே வளைத்தவள் நான்.

மஞ்சள் பன்னிரண்டு வோல்ட். சிவப்பு ஐந்து.
ஆரஞ்சு மூன்று புள்ளி மூன்று. கறுப்பெல்லாம் கிரவுண்டு.
வெட்டு, தோலை உரி, முனையை வைத்து நெரி, இழுத்துப் பார்.
வந்துவிட்டால் மறுபடி.
ஒவ்வொன்றுக்கும் சட்டை போட்டேன்:
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் வாங்கிய
கருநீல நாடா, உள்ளே கூடு.
எந்த நாட்டுக்காரனோ கேன்சல் செய்த ஆர்டரின்
ஹூடிக் கழுத்துக் கயிறு.
யாரோ குளிரில் இழுத்து முடிந்திருக்க வேண்டியது,
இங்கே ஐந்து வோல்ட்டைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

நாலாம் நாள் ராத்திரி ஒன்றரை.
சீப்பு மாட்டி வரிசைப்படுத்தினேன்.
வகிடெடுத்து வாரிய தலைபோல் படிந்தன.
போட்டோ எடுத்தேன்.
பிறகுதான் பட்டனை அழுத்தினேன்.

காற்றாடி கால் சுற்று சுற்றியது.
நின்றது.
மறுபடி அழுத்தினேன், மறுபடி கால் சுற்று,
தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல.

இருபத்துநான்கு குழியையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்.
இருபதாவது காலி, அது விதிப்படியே காலி.
மற்றதெல்லாம் சரி.
டீ போட்டேன். ஆறவிட்டேன்.
குனிந்தபோது, மேஜைக்கடியில், நறுக்கி எறிந்த குப்பையில்
ஒல்லியாக ஒரு பழுப்பு ஒயர்.

பதிமூன்றாவது முனையில்
ஆரஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது.
ஒரே குழியில் இரண்டு பேர்.
தடித்தவனை வைத்துக்கொண்டு
இவனை உபரி என்று கழித்துவிட்டேன்.

மின்சாரம் கொண்டுபோகிற ஒயர் இல்லை அது.
அந்தக் கடைசியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று
திரும்பி வந்து சொல்கிற ஒயர்.
வழியில் தேய்ந்திருந்தால்
இங்கே ஒரு துளி கூட்டி அனுப்புவார்கள்.
சேதியே வராவிட்டால்
இந்த சப்ளை அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும்.
அதற்கு அந்த அளவு மானம் இருக்கிறது.

நல்ல வேளை, அடியில் நான்கு விரல் விட்டு நறுக்கியிருந்தேன்.
குப்பையிலிருந்ததையே எடுத்துப் பற்றவைத்து
முனையைப் பிடுங்கி, இரண்டையும் சேர்த்து நெரித்தேன்.
நாடாவுக்குள் இப்போது ஒரு புடைப்பு,
கொசு கடித்தமாதிரி. சீப்பில் நேராக உட்காரவில்லை.
உட்காராவிட்டால் போகட்டும்.

காற்றாடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

போனை எடுத்தேன். இரண்டே முக்கால்.
நாலு நாளைக்கு முந்தைய அந்தக் குரலுக்குக் கீழே
"வந்துருச்சுங்க" என்று அடித்தேன்.
அடுத்த நொடி இரண்டு கோடும் நீலம்.
நைட் ஷிப்ட் போல.

"சரிங். பொட்டி எப்பங்க?"