ஆறு இலக்கம்

எப்சிபாவின் பழைய எண்
என்னிடம்தான் இருக்கிறது.
பொத்தான் போன். நீல உறை.
ஐந்தை மட்டும் கொஞ்சம் அழுத்த வேண்டும்.
பிரிட்ஜின் மேல், ஜன்னலை ஒட்டி,
இரண்டு கோடாவது சிக்னல் நிற்கும் ஒரே இடத்தில்
படுத்துக் கிடக்கும்.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை
பஸ் ஸ்டாண்டு கடையில் அதற்குச் சோறு போடுகிறேன்.

அவள் மஸ்கட்டில் ஒரு வியாபாரிக்கு நர்ஸ்.
அவர் பழுதான சிறுநீரகத்தைத் தூக்கிக்கொண்டு
ஊர் ஊராகப் போவார், கூடவே இவளும்.
சலாலா, இஸ்தான்புல், பிராங்க்பர்ட்.
இறங்குமிடமெல்லாம் ஒரு புது சிம்,
அரை மணி நேர இலவச வைஃபை,
பாதி வாக்கியத்தில் வாய் திறந்தபடி
உறைந்து நிற்கும் முகம்.
வங்கிக்குத் தெரிந்த எண் மட்டும்
சேர்மாதேவியை விட்டு நகரவில்லை.

சீட்டுப் பணமோ டிக்கெட்டோ
அவள் அங்கே தட்டினால்
இங்கே பிரிட்ஜ் மேல் போன் துள்ளும்.
உடனே என் போனில் அவள்:
"ஆறு வந்துட்டா?"
"வந்துட்டு. சொல்லுதேன், எழுதிக்கோ."
நாலு. ஒண்ணு. ஒண்ணு. ஏழு.
கீழே எச்சரிக்கை:
இந்த எண்ணை எவருடனும் பகிர வேண்டாம்.
வேறு எதைத்தான் பகிர்ந்தோம்
இந்த மூன்று வருடத்தில்.

நான் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவன்.
முன்னறைதான் பட்டறை.
எண்பத்திரண்டாம் சுற்றில் போன் துள்ளினால்
எழுந்து ஓடிவிட்டு
எண்பதா தொண்ணூறா தெரியாமல்
எல்லாவற்றையும் அவிழ்ப்பேன்.
பத்தமடைக்காரர் ஒருவரின் பம்பு
அவிழ்க்காமல் விட்ட அன்று புகைந்தது.

சண்டையும் அதிலேதான்.
ஒருமுறை கடைசி இலக்கத்தை
வேண்டுமென்றே தாமதித்துச் சொன்னேன்.
நேரம் முடிந்தது, டிக்கெட் விலை ஏறியது.
எட்டு நாள் பேச்சில்லை.
எட்டு நாளும் அவள் போனுக்குச் சார்ஜ் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில்
மழை பிடித்தது, விடவில்லை.
இரண்டாம் ராத்திரி தெருவில் கூச்சல்:
"ஏல, ஆறு வந்துட்டு!"
பழக்கதோஷம்,
நான் பிரிட்ஜைப் பார்த்தேன்.
அப்புறம்தான் வாசலை.
கரண்ட் போனது, டவர் போனது.
முப்பது மோட்டாரைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு
இரண்டு போனையும் பாலித்தீன் பையில் முடிந்து
பள்ளிக்கூட மாடிக்கு ஏறினேன்.
என் போன் விடிவதற்குள் செத்தது.
பொத்தான் போனுக்கு ஆயுசு கெட்டி.

மூன்றாம் நாள் மத்தியானம்,
யாரோ கொடுத்த எலுமிச்சை சாதத்தை
கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் பையைப் பிரித்தால்
ஒரு கோடு.
போன் துள்ளியது. நிற்கவே இல்லை.
பதினேழு ஆறு.
இரவு பத்து பன்னிரண்டு. பத்து நாற்பது.
அதிகாலை இரண்டு முப்பத்தொன்று,
முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு.
எல்லாம் காலாவதி.
எல்லாம் ஒரே ஒரு ரூபாய்க்கு.

அந்தப் போனிலேயே அழைத்தாள்.
"யாருக்குட்டி அந்த ஒரு ரூபா?"
"உங்களுக்குத்தான்."
"எதுக்கு?"
"போன் பண்ணுனா ஸ்விட்ச் ஆஃப்னு
ஒரு பொம்பள சொல்லிக்கிட்டே இருந்தா.
இதுலயாவது
'அனுப்பப்பட்டது'ன்னு வரும்."

பதினேழையும் வாசித்தேன், மணியோடு.
நடுவில் ஒருமுறை
"மூணா, நாலா?" என்று கேட்டாள்.

கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.
பாளையங்கோட்டைக் கிளையில் ஒரு படிவம்.
மீண்டும் மீண்டும் முயன்றதற்குக் காரணம்:
மழை என்று எழுதினேன்.
கண்ணாடி போட்ட அம்மா அதை அடித்துவிட்டு
நெட்வொர்க் கோளாறு என்று எழுதிக்கொண்டார்.
பதிவான எண் கேட்டார்.
பார்க்காமல் சொன்னேன்.
உங்க நம்பரும் ஒண்ணு வேணும் என்றார்.
அதற்குத்தான்
போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.