செம்புதாஸ் தெருவில் பம்பு வாங்கியது

"எத்தனை மாடி?" என்றார் கடைக்காரர்.
மாடி இல்லை.
"ஃபிளாட்டா, தனி வீடா? பாத்ரூம் எத்தனை?"
காசிமேட்டு விசைப்படகு, பத்து ஆள், ஒரு குழாய்,
பாத்ரூமுக்கு வங்காள விரிகுடா என்றேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

அரை ஹெச்.பி. மோனோபிளாக்கைத் தட்டிக் காட்டினார்.
கோயம்புத்தூர் சரக்கு, அசல் செம்புச் சுருள்,
நாலாவது மாடிக்கு நிமிஷத்தில் ஏறுமாம்.
எங்கள் தண்ணீர் ஏற வேண்டியது ஆறடி:
அடித்தட்டுத் தொட்டியிலிருந்து
என் சோற்றுப் பானை வரைக்கும்.
கரண்டும் பாட்டரிக் கரண்டு, இருபத்துநாலு வோல்ட்டு,
விளக்கும் வயர்லெஸ்ஸும் தின்றது போக மிச்சம்.

பையன் பரணில் ஏறி
ஒரு டயாஃப்ரம் பம்பை இறக்கினான்.
இரண்டு கிலோ கத்தரிக்காய்க் கனம்.
நிமிஷத்துக்குப் பத்து லிட்டர்,
குழாயை மூடினால் தானே நிற்கும்,
தொட்டி வற்றிக் காற்றை இழுத்தாலும் சட்டென்று கருகாது.
முதலாளி டெல்லஸ் எழுதிக் கொடுத்த சீட்டு
இதோடு முடிந்தது.

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டேன்:
"பிரஷர் டாங்க் இருக்கா? சின்னது."

பழைய பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
குழாயைத் திருகியதும் டர்ர்ரென்று
படுக்கைப் பலகையையே உலுக்கும்.
ராத்திரி ஒருவன் வாய் கொப்பளித்தால்
ஒன்பது பேர் புரண்டு படுப்போம்.
டிரைவர் குப்புராஜ் கண் திறக்காமலே சொல்வார்,
"அது ஒரு டம்ளர்."
"அவன் மூஞ்சி கழுவுறான்."
பதினாலு நாளுக்கு இரண்டாயிரம் லிட்டர்.
அந்தச் சத்தம்தான் கணக்குப்பிள்ளை.

போன தடவை ஒன்பதாம் ராத்திரி
ஐஸ் அறை மூடி திறந்து கிடந்தது.
உள்ளே ஸ்ரீகாகுளத்துப் பையன் அப்பண்ணா.
சூரைக்கும் சங்கராவுக்கும் நடுவிலிருந்து
ஒரு துண்டு ஐஸை உடைத்து
சட்டையில் துடைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.
தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.
பம்பு போட்டால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் அண்ணா என்றான்,
பாதித் தெலுங்கில்.
மூன்று ராத்திரியாக இதே பாடாம்.

டாங்க் வந்தது. எட்டு லிட்டர், நீலம், பரங்கிக்காய் மாதிரி.
உள்ளே ரப்பர் பை, பையைச் சுற்றிக் காற்று.
பம்பு ஒரு தரம் ஓடி நிரப்பிவிட்டால்
அடுத்த இரண்டு லிட்டரைக் காற்றே தள்ளிவிடும்.
"காத்து இறங்குனா சைக்கிள் பம்பு போதும் சார்,
பம்பு கிளம்புற பிரஷருக்கு ரெண்டு பவுண்டு கீழே வைங்க."

இரண்டு லிட்டர் என்றால் எட்டு டம்ளர்.

மூவாயிரத்து இருநூறு.
முதலாளிக்குப் போன் போட்டேன்.
"எவன் எவ்ளோ குடிச்சான்னு எப்டி தெரியும்?"
தெரியாது என்றேன்.
"அப்புறம்?"
அப்புறத்துக்கு என்னிடம் எதுவும் இல்லை.
மீன்பாடி வண்டிக்காரன் வழி கேட்டுக் கத்தியது
அவருக்கும் கேட்டிருக்கும்.
"உன் பங்குல கயிச்சுக்குவேன்."
கழித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் ஒரு ராத்திரி வைத்திருந்தேன்,
லாரித் தண்ணீர்க் குடங்களோடு வரிசையில்.
மரகதவல்லி அதன் தலையைத் தட்டிப் பார்த்து
"கடலுக்குத்தான் பிரஷரா?" என்றாள்.
வாசலில் அடிபம்பு, பதினோரு மணிக்கும் யாரோ
அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நாலாம் ராத்திரி. கரை தெரியவில்லை.
இருட்டில் யாரோ நடக்கிறார்கள்.
பலகைமேல் டம்ளர் வைக்கும் சின்ன டொக்.
சிறிது நேரம் கழித்து இன்னொரு டொக்.
குப்புராஜ் கணக்குச் சொல்ல வாயெடுத்து
வெறுமனே கொட்டாவி விட்டார்.

எனக்கும் தொண்டை வறண்டது.
எழுந்து போய்க் குழாயைத் திருகினேன்.
எனக்கு முன்னால் எட்டுப் பேர் குடித்திருக்க வேண்டும்.
டர்ர்ரென்று படகே அதிர்ந்தது.

"பண்டாரியா?" என்றது இருட்டு.
"ஒரே டம்ளர்தான்" என்றேன்.